முன் ஆக்சில் வேலை: லாரி முதலாளி அறிந்திருக்க வேண்டியவை

நமது சங்க உறுப்பினர்களில் சொந்தமாக லாரி வைத்திருப்பவர்கள் பலர். டீசல் கணக்கில் காட்டும் கவனத்தையோ, டயர் வாங்கும்போது பேசும் பேரத்தையோ வண்டியின் முன் ஆக்சிலில் நாம் காட்டுவதில்லை. பட்டறையிலிருந்து ‘முன்பக்க வேலை’ என்று ஒரே வரியில் பில் வரும். பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்துவிடுகிறோம்.

நமக்குத் தெரிந்த பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவரிடம் அவருடைய டிரைவர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “அண்ணாச்சி, ஸ்டியரிங் ஆடுது, முன் டயர் ஒரு பக்கமாத் தேயுது.” அண்ணாச்சி டயரை மாற்றினார். புது டயரும் அதே மாதிரி தேய்ந்தது. ஒருநாள் காலையில் மண்டி வாசலில் மூட்டை இறக்குவதற்காக வண்டியை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது, டை ராடு முனையிலிருந்த பால் ஜாயிண்ட் கழன்று விழுந்தது. ஒரு சக்கரம் ஒரு திசை, மறு சக்கரம் வேறு திசை. நடக்கிற வேகத்தில் ஆனதால் வாசல் கல்தூணோடு போயிற்று. முந்தின இரவு அதே வண்டி அரிசி லோடுடன் மலைப்பாதையில் இறங்கி வந்திருந்தது. அந்த வேலையை அருகில் இருந்து பார்த்ததையும், பழகிய மெக்கானிக்குகளிடம் கேட்டறிந்ததையும் வைத்தே இதை எழுதுகிறோம்.

அந்தக் காலத்து நான்கு சக்கரக் குதிரை வண்டியில் முன் அச்சு முழுவதுமே திரும்பும். அச்சு அசையாமல் நிற்க, இரு முனைகளில் சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்பும் முறைக்கு 1818-இல் லண்டனில் ஆக்கர்மேன் காப்புரிமை பெற்றார். கண்டுபிடித்தவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர். இன்றைய லாரியிலும் அதே ஏற்பாடுதான். இரும்பை அடித்து உருவாக்கிய ஆக்சில் பீம் குறுக்கே நிற்கிறது. அதன் இரு முனைகளிலும் கவை போன்ற ஸ்டப் ஆக்சில் மாட்டியிருக்கிறது. இதைத்தான் ஆங்கிலப் புத்தகங்கள் ஸ்டியரிங் நக்கிள் என்கின்றன. பீமையும் கவையையும் இணைப்பது கிங் பின். பின் பீமுக்குள் அசையாமல் இருக்க, பக்கவாட்டில் ஆப்பு போல ஒரு காட்டர் பின் இறங்கியிருக்கும். கவையின் மேலும் கீழும் உள்ள துளைகளில் புஷ் இருக்கும். பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங், பீமின் அடிப்பக்கத்துக்கும் கவையின் கீழ்க்கைக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். 16 டன் வகை லாரியில் முன் ஆக்சிலின் மேல் மட்டும் சுமார் 6 டன் பாரம் வருகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிறு உருப்படிகளின் வேலை புரியும். இரண்டு ஸ்டப் ஆக்சிலையும் சேர்த்துத் திருப்புவது டை ராடு. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து இழுப்பது டிராக் லிங்க். இவற்றின் முனைகளில் இருப்பவைதான் பால் ஜாயிண்டுகள்.

எதில் ஆட்டம் என்று முதலில் தெரிய வேண்டும். இதிலேதான் பணம் வீணாகிறது. முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுபோனால் குறை ஹப் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது புஷ்ஷில். பேரிங் நட்டைச் சரிசெய்தால் தீரும் வேலைக்கு கிங் பின் கிட் வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. டை ராடு முனைகளைப் பார்க்க வண்டி தரையில் நிற்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, மற்றவர் ஜாயிண்டின் மேல் கை வைத்துப் பார்த்தால் ஆட்டம் விரலிலேயே தெரியும்.

கழற்றும் வேலைக்கு வருவோம். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஆக்சில் பீமுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஆளை உள்ளே அனுப்பக் கூடாது. இது நம் வண்டி, அடியில் படுப்பது யாரோ ஒருவரின் பிள்ளை. காற்றுத் தொட்டியை வடித்த பிறகே பிரேக் ஹோஸைக் கழற்ற வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

பால் ஜாயிண்டின் தண்டு கூம்பு வடிவமாக இருக்கும். ஆகவே நட்டைக் கழற்றியதும் தானாக வந்துவிடாது. ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்தி அப்படியே விட வேண்டும்; விடுபடும்போது தடி கீழே விழாமல் இருக்கும். புல்லர் இருந்தால் அதைப் போடலாம். இல்லாவிட்டால், தண்டு இறங்கியிருக்கும் கையின் கண்ணைப் பக்கவாட்டில் இரண்டு சுத்தியலால் எதிரெதிராக ஒரே நேரத்தில் தட்டுவார்கள். இரண்டு மூன்று அடியில் ‘டக்’கென்று விடும். தண்டின் மரையில் நேராக அடிப்பவன் தொழில் தெரியாதவன். பழைய ஜாயிண்டைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டால், புதியதை ஏறக்குறைய அதே இடத்தில் நிறுத்தலாம். பல வண்டிகளில் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. கடையில் வாங்கும்போது இதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஹப், பிரேக் பிளேட் எல்லாம் வெளியே வந்த பிறகு கிங் பின். முதலில் காட்டர் பின். அதன் நட்டை முனை வரை தளர்த்தி, மரைப் பக்கத்திலிருந்து பித்தளைத் துண்டு வைத்து அடித்தால் பருமனான பக்கமாக வெளியே வரும். இதை எடுக்காமல் கிங் பின்னை அடித்துக்கொண்டிருந்த கதையும் உண்டு. மேல், கீழ் மூடிகளை நீக்கி, பின்னைப் பித்தளைக் கம்பி வைத்துத் தள்ள வேண்டும். கடினமான பின்னில் நேரே சம்மட்டி விழுந்தால் இரும்புச் சில்லு தெறிக்கும். கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் நிற்க விடாதீர்கள். பின் வெளியே வந்ததும் ஸ்டப் ஆக்சில் பாரத்தோடு கீழே இறங்கும். அதற்கும் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

கிரீஸ் காணாத வண்டியில் பின் துருப்பிடித்துப் பீமோடு ஒட்டிப்போயிருக்கும். இங்கேதான் முதலாளி தலையிட வேண்டும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற வைக்கலாம். கையால் தள்ளும் ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்பலாம். வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று கேஸ் விளக்கை வைத்து பீமின் கண்ணைச் சிவக்கக் காய்ச்சுகிறார்கள். அந்த பீம் பதம் ஏற்றிய இரும்பு. சிவக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அரை நாள் கூலியை மிச்சம் பிடிக்க இதற்குச் சம்மதிக்கக் கூடாது என்பது நமது உறுதியான கருத்து.

கழற்றிய ஸ்டப் ஆக்சிலைக் கழுவி, உள் பேரிங் உட்காரும் இடத்தின் வளைவில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினால் விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். கோடு கண்டால் அந்த உருப்படி பழைய இரும்புக் கடைக்கு. அதை வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பூட்டும்போது சொல்ல வேண்டியவை சில. புஷ்ஷின் துளை கிரீஸ் நிப்பிளின் துளைக்கு நேராக நிற்க வேண்டும்; மாறிப்போனால் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. வெண்கலப் புஷ்ஷாக இருந்தால், மேல், கீழ் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் விட்டு, பின் கட்டைவிரல் அழுத்தத்தில் இறங்கும் அளவுக்கு எடுக்க வேண்டும். பால் ஜாயிண்ட் நட்டின் வெட்டும் தண்டின் துளையும் நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்கலாமே தவிரத் தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது. சில ரூபாய்ப் பொருளில் கஞ்சத்தனம் பார்ப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறோம்.

வேலை முடிந்ததும் முன் சக்கரங்களின் டோ-இன் அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த டயரும் அண்ணாச்சியின் டயர் போலத்தான் தேயும். பில்லில் பின் எத்தனை, புஷ் எத்தனை, பேரிங் எத்தனை, லேத் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லி, பழைய உருப்படிகளைச் சாக்கில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் லோடு போய்வந்த பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை பார்க்க, வண்டியை அதே பட்டறைக்குத் திருப்பி அனுப்ப டிரைவரிடம் இன்றே சொல்லிவையுங்கள்.