பேட்டரிக்கும் ஒரு பாஸ்புக்



நம்ம குழுவுல பணம் குறையுதுன்னா முதல்ல என்ன செய்வோம்? நோட்டை எடுப்போம். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் ஆளைக் கேட்போம். 1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் தொடங்கிய நாளிலிருந்து தமிழ்நாட்டுப் பெண்கள் பழகிய பழக்கம் இது.

ஆனால் ராயகிரிப் பக்கம் நம் குழு ஒன்றில் பேட்டரியில் கரண்டு குறைந்தபோது யாரும் நோட்டைத் தேடவில்லை. ஆளைத்தான் தேடினார்கள்.

அந்தக் குழு ஒரு சின்னக் கூடத்தில் பள்ளிச் சீருடை தைக்கிறது. கூடத்துக்கு மின் இணைப்பு கிடையாது. கூரை மேலே 75 வாட் சோலார் பேனல், உள்ளே 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, 7 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு. பகலில் வீட்டு வேலை, காட்டு வேலை முடித்து சாயங்காலம் 6 மணிக்கு மேல்தான் மிதி மெஷினில் உட்காருவார்கள். முதல் பேட்டரி 14 மாதத்தில் போய்விட்டது. குழுவின் உள்கடனில் இரண்டாவது வாங்கினார்கள். அதுவும் சில மாதத்திலேயே எட்டரை மணிக்கு விளக்கை அணைக்க ஆரம்பித்தது. மெக்கானிக் வந்தார், மீட்டரை வைத்தார், "பேட்டரி போச்சும்மா, மாத்திருங்க" என்றார்.

மூன்றாவது பேட்டரிக்குக் கடன் தீர்மானம் எழுத உட்கார்ந்த கூட்டத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. கூடத்தின் சாவி பக்கத்து வீட்டு அக்கா ஒருவரிடம் இருந்தது. ராத்திரி அவர் தன் செல்போனை அங்கே சார்ஜ் போடுவார். "சாவி யாருகிட்ட இருக்கோ அவுகதான் பதில் சொல்லணும்" என்று ஒருவர் சொன்னார். அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. சாவியைப் பாயின் மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

யார் சொன்னது சரி? எனக்கும் தெரியவில்லை. "பத்து நாள் பொறுங்க, பேட்டரிக்கும் கணக்கு எழுதிப் பார்ப்போம்" என்றேன். அதற்கு உதவிய கருவியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டி.சி. என்றால் என்ன?

வீட்டுக்கு மின்வாரியக் கம்பியில் வருவது ஏ.சி. கரண்டு, அதாவது மாறுமின்சாரம். அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வரும். பேட்டரியிலும் சோலார் பேனலிலும் இருப்பது டி.சி., அதாவது நேர்மின்சாரம். ஒரே பக்கமாக ஓடும். அதனால்தான் பேட்டரியில் பிளஸ், மைனஸ் என்று குறி போட்டிருக்கும். டார்ச் லைட், செல்போன், பைக் பேட்டரி எல்லாம் டி.சி.தான்.

2011-12-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு 5 சூரிய விளக்கும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் வேலை செய்ததும் இந்த டி.சி. கரண்டுதான்.

வோல்ட், ஆம்பியர் என்று இரண்டு சொல் அடிக்கடி வரும். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அழுத்தம் வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ அது ஆம்பியர். 4 ஆம்பியர் கரண்டு 3 மணி நேரம் ஓடினால் 12 ஆம்பியர்-மணி. பேட்டரியின் வரவு, செலவு, இருப்பு எல்லாவற்றையும் இந்த ஆம்பியர்-மணியில்தான் எழுத வேண்டும்.

மீட்டருக்கும் லாகருக்கும் என்ன வித்தியாசம்?

மெக்கானிக் வைத்துப் பார்க்கும் மீட்டர் அந்த நிமிஷத்து அளவை மட்டும் சொல்லும். ஒரு நாள் வங்கிக்குப் போய் "இப்ப இருப்பு எவ்வளவு?" என்று கேட்பது மாதிரி. பணம் எப்போது வந்தது, எப்போது போனது என்று அதில் தெரியாது. அதற்குப் பாஸ்புக் வேண்டும்.

டேட்டா லாகர் என்பது அந்தப் பாஸ்புக். கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. நாம் சொல்லும் இடைவெளியில், உதாரணமாக பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, அளவெடுத்து நேரத்தோடு தன் நினைவில் எழுதி வைக்கும். ஆள் காவல் இருக்க வேண்டாம். பிறகு யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரில் செருகினால் எல்லாம் வரிசையாக வரும், கோடாக வரைந்தும் காட்டும்.

பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 144 பதிவு. 32,000 பதிவு கொள்ளும் கருவியில் ஏழு மாதத்துக்கு மேல் எழுதலாம். நான் முதல் நாள் அவசரத்தில் நொடிக்கு ஒன்று என்று வைத்துவிட்டேன். காலையில் மாட்டினேன், ஒன்பது மணி நேரத்துக்குள் நினைவு நிரம்பிவிட்டது. ராத்திரிக் கணக்கு ஒன்றுகூட இல்லை. அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

எப்படி மாட்டினோம்?

ஒரு பாலிடெக்னிக்கில் இரண்டு பெட்டி இரவல் வாங்கினோம். மாட்டும்போது எலக்ட்ரீசியன் ஒருவர் கூடவே இருந்தார்.

வோல்ட் அளக்கும் பெட்டி: சிவப்பு வயர் பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பு வயர் மைனஸில். அவ்வளவுதான். ஆனால் பெட்டி எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். பேனலில் எதுவும் மாட்டாமல் அளந்தால் 21, 22 வோல்ட் வரும். 30 வோல்ட் வரை தாங்கும் பெட்டி என்றால் பயமில்லை. 5 வோல்ட் பெட்டியை நேராக மாட்டினால் கெட்டுப்போகும்.

ஆம்பியர் அளக்கும் பெட்டி: இதற்கு ஷண்ட் என்ற ஒரு சின்ன உலோகத் துண்டு வேண்டும். பேட்டரிக்கும் சார்ஜ் கன்ட்ரோலருக்கும் நடுவே மைனஸ் வயரில் இதைச் சேர்க்க வேண்டும். போகிற, வருகிற கரண்டு எல்லாம் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் போகும். நாங்கள் போட்டது 10 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் காட்டும் ஷண்ட். 4 ஆம்பியர் ஓடினால் 30 மில்லிவோல்ட் காட்டும். பெட்டி அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். கரண்டு பேட்டரிக்குள் வந்தால் கூட்டல், வெளியே போனால் கழித்தல். ஒரே பெட்டியில் வரவும் செலவும் வந்துவிடும்.

இருப்பைப் படிப்பது எப்படி?

சாதாரண 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கு இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம். சார்ஜும் ஏறாமல், விளக்கும் எரியாமல் மூன்று நான்கு மணி நேரம் சும்மா இருந்த பிறகு பார்க்க வேண்டும்.

12.7 வோல்ட் - நிறைந்திருக்கிறது
12.4 வோல்ட் - முக்கால்
12.2 வோல்ட் - பாதி
12.0 வோல்ட் - கால்
11.8-க்குக் கீழே - காலி

பாதிக்குக் கீழே அடிக்கடி போகவிடக் கூடாது. குறைந்த சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிவு இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் வராது. இப்போது வருகிற லித்தியம் பேட்டரிக்கு அளவுகள் வேறு. அதற்கு இந்தப் பட்டியல் பொருந்தாது.

நம்ம கணக்கு என்ன சொன்னது?

பேட்டரியைக் கடையில் கொடுத்து முழுசாகச் சார்ஜ் ஏற்றி மாட்டினோம். மாசி மாதம், வானம் தெளிவாக இருந்தது. பத்து நாள் கழித்துக் கம்ப்யூட்டரைக் கூட்டத்துக்கே கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் திறந்தோம்.

முதலில் செலவு. நான்கு விளக்கும் சேர்ந்து 28 வாட். சாயங்காலம் 6 மணியிலிருந்து 10.30 வரை நாலரை மணி நேரம். 126 வாட்-மணி. 12-ஆல் வகுத்தால் பத்தரை ஆம்பியர்-மணி. 10.30-க்குப் பிறகு ஒரு சின்னக் கழித்தல் இருந்தது. அதுதான் அந்த அக்காவின் செல்போன். அது மொத்தமே 2 ஆம்பியர்-மணி. ஆக ராத்திரிக்குப் பன்னிரண்டரை.

அடுத்து வரவு. காலை எட்டரையிலிருந்து கோடு அழகாக ஏறுகிறது. பன்னிரண்டு மணிக்கு 4 ஆம்பியர். மத்தியானம் 1 மணிக்குத் திடீரென்று கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி அரை ஆம்பியருக்குக் கீழே போய்விடுகிறது. மறுநாளும் 1 மணி. அதற்கு அடுத்த நாளும் 1 மணி. பத்து நாளும் அப்படியே.

"ஒரு மணிக்கு அங்க என்ன இருக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் வெளியே போய்ப் பார்த்தோம். கூடத்தின் மேற்குப் பக்கம் வேப்பமரம். பேனல் மாட்டியபோது சின்ன மரம். இப்போது ஒரு கிளை வளர்ந்து பேனலுக்கு மேலேயே சாய்ந்து நிற்கிறது. ஒரு மணிக்கு அதன் நிழல் பேனலின் மூலையில் விழ ஆரம்பிக்கிறது.

"மூலையில விழுற நிழலுக்கா இவ்வளவு?" என்று கேட்டார்கள். ஆமாம். இப்படிப்பட்ட பேனலில் 36 சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். தண்ணீர் போகும் ஹோஸ் குழாயை ஒரு இடத்தில் மிதித்தாலும் முனையில் தண்ணீர் வராது அல்லவா? அது போலத்தான்.

நிழலால் ஒரு நாள் வரவு 11 ஆம்பியர்-மணிதான். ஏற்றியதில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து வீணாகும். கைக்கு வருவது ஒன்பதரை. செலவு பன்னிரண்டரை. தினம் 3 குறைகிறது. ஒன்பதாம் நாள் ராத்திரி விளக்கு அணைந்தது அதனால்தான்.

இப்போது முக்கியமான கணக்கு. அந்தச் செல்போனே இல்லை என்று வைத்துக்கொள்வோம். விளக்குக்கு மட்டும் பத்தரை வேண்டும். வருவது ஒன்பதரை. அப்போதும் ஒன்று குறைகிறது! அக்கா சார்ஜ் போட்டாலும் போடாவிட்டாலும் பேட்டரி சாகத்தான் செய்திருக்கும். கொஞ்ச நாள் முன்னப்பின்ன, அவ்வளவே.

கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முதலில் குற்றம் சொன்ன அக்காவே எழுந்து, "கிளையை வெட்டுறதுக்கு யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டார்.

அன்று தீர்மான நோட்டில் இரண்டு தீர்மானம் எழுதினார்கள். ஒன்று, வேப்பங்கிளையைக் கழிப்பது. இரண்டு, சாவியைப் பழையபடி அந்த அக்காவிடமே ஒப்படைப்பது. ஊக்குநர் சாவியை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தார். அடுத்த வாரக் கூட்டத்துக்கு அவர் வந்தார்.

கிளையைக் கழித்த பிறகு மறுபடி அளந்தோம். வரவு 17 ஆம்பியர்-மணி. வீண் போனது போக பதினாலரை. செல்போனும் சேர்த்து எல்லாச் செலவுக்கும் போதும். பேட்டரிக்கு முழுப் பலம் திரும்பவில்லை, அதில் ஏற்கெனவே கொஞ்சம் கெட்டுவிட்டது. ஆனாலும் பத்தரை மணி வரை விளக்கு எரிகிறது. மூன்றாவது பேட்டரிக்குக் கடன் எழுதவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* பேட்டரி பக்கம் போகும் முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் விடுங்கள். பிளஸ்ஸையும் மைனஸையும் உலோகம் தொட்டால் ஒரு நொடியில் பழுத்துத் தோலைச் சுட்டுவிடும். 12 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம்.
* பிளஸ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும்.
* சார்ஜ் ஏறும்போது எரியும் வாயு வரும். விளக்கு, பீடி, அடுப்பு பக்கத்தில் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.
* பேட்டரித் தண்ணீர் கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.
* டி.சி. லாகரை வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் ஒருபோதும் செருகக் கூடாது. அது 230 வோல்ட் ஏ.சி. உயிருக்கே ஆபத்து.
* குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஆனி, ஆடியில் நம்ம மலைமேலும் மேகம் நிற்கும். அந்த நாட்களில் வரவு குறையும். அப்போது நான்கு விளக்குக்குப் பதில் இரண்டு விளக்கு எரித்தால் பேட்டரி பிழைக்கும்.

லாகர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சாதாரண மீட்டர் வாங்கி, காலை விடிவதற்கு முன்பும் சாயங்காலம் விளக்கு போடுவதற்கு முன்பும் வோல்ட் பார்த்து நோட்டில் எழுதுங்கள். பத்து நாளில் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். மெக்கானிக் வந்தால் அந்த நோட்டைக் காட்டுங்கள். வாரண்டி கேட்கப் போகும்போதும் கையில் கணக்கு இருந்தால் பேச்சே வேறு.

"இதெல்லாம் நமக்குப் புரியுமா மேடம்?" என்று சிலர் கேட்கிறார்கள். ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972-ல் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜில், பள்ளிக்கூடமே போகாத பாட்டிமார்கள் சோலார் விளக்கு மாட்டவும் பழுது பார்க்கவும் படித்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கிராமங்களிலிருந்துகூட வந்து படித்துப் போயிருக்கிறார்கள். வாராவாரம் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் கூட்டிக் கழிக்கிற நமக்கு வரவும் செலவும் புரியாதா?

பேட்டரி வாய் திறந்து பேசாது. அதனால் பழி யார் மேலாவது விழுந்துவிடுகிறது. அடுத்த முறை உங்கள் குழுவில் விளக்கு சீக்கிரம் அணைந்தால், ஆளைக் கேட்கும் முன்னால் கணக்கைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்,
ராயகிரி