கம்பியில்லா இணையத்தின் வேகக் குறைவும் அதற்குப் பரிகாரமும்

கண்ணாடியிழைக் கம்பி வழியாக இணையம் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது. 2011-ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரால் அங்கீகரிக்கப்பெற்று, பிற்பாடு ‘பாரத்நெட்’ எனப் பெயர் பெற்ற திட்டம், ஊராட்சிகள் தோறும் இக்கம்பியைக் கொண்டு சேர்க்கும் நோக்கமுடையது. பட்டா, சிட்டா நகல் பெறுதலும், மானியங்களுக்கு விண்ணப்பித்தலும், விற்பனைக்கூடங்களின் விலை நிலவரம் அறிதலும் இப்பொழுது பெரும்பாலும் இணைய மூலமாகவே நடைபெறுகின்றன. 2016-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்படி, ஆலங்கட்டி மழை போன்ற தல விபத்துக்களால் நேரும் நஷ்டத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். இத்தகைய வேலைகளில், வீட்டில் இணையம் மந்தமாக இருப்பது வெறும் அசௌகரியமன்று; பண நஷ்டத்திற்கே காரணமாகக் கூடும்.

இணையம் மந்தமானவுடன் அநேகர் செய்வது, மாதச் சந்தாவை உயர்த்துவது அல்லது ரவுட்டர் என்னும் யந்திரத்தை மாற்றுவது. இவ்விரண்டும் பல சமயங்களில் வீண் செலவாகவே முடிகின்றன. கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாவிடில், விவேகமுள்ள விவசாயி முதலில் மதகில் தண்ணீர் வருகின்றதா என்று பார்ப்பான். பின்னர் வாய்க்கால் நெடுகச் சென்று, உடைப்பு எங்கே, அடைப்பு எங்கே எனத் தேடுவான். இணையத்திற்கும் இதுவே முறை. குறை எவ்விடத்தில் உள்ளது என்று தெரிந்த பிறகே பரிகாரத்திற்குச் செலவு செய்தல் வேண்டும்.

வேகத்தின் அளவை அறிதல்

சந்தாத் திட்டங்களில் வேகம் ‘மெகாபிட்’ என்னும் அளவால் குறிக்கப்படுகின்றது. கணினியில் ஒரு கோப்பு இறங்கும்பொழுது திரையில் தோன்றுவதோ பெரும்பாலும் ‘மெகாபைட்’ கணக்கு. எட்டு பிட் கொண்டது ஒரு பைட். ஆகையால் 40 மெகாபிட் சந்தா உடையவர் திரையில் 5 மெகாபைட் எனக் கண்டால், அவருக்கு முழு வேகமும் கிடைக்கின்றது என்றே பொருள். இதையறியாமல் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவோர் பலர்.

எவ்வளவு வேகம் தேவை என்பதையும் கருதுதல் நலம். 2023-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில், குறைந்தது 2 மெகாபிட் வேகம் உள்ள இணைப்பே அகலக்கற்றை இணைப்பு எனப்படும். விண்ணப்பங்களை நிரப்புவதற்கு இவ்வேகமே ஒருவாறு போதும். தெளிவான சலனப்படம் பார்க்க, ஒருவருக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் வேண்டியிருக்கும். நான்கைந்து பேர் உள்ள சாதாரணக் குடும்பத்திற்கு 40 மெகாபிட் குறைவானதன்று. அது மந்தமாகத் தோன்றின், குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

பரீட்சிக்கும் முறை

முதலாவதாக, வீட்டிலுள்ள மற்றக் கைப்பேசிகள், தொலைக்காட்சி, கண்காணிப்புக் காமிரா ஆகியவற்றின் இணைப்பைச் சற்று நிறுத்திவிட வேண்டும். பிறகு கணினியை ஈதர்நெட் கம்பியினால் ரவுட்டருடன் நேராக இணைத்து, வேகத்தை அளந்து காட்டும் தளம் ஒன்றில் அளக்க வேண்டும். கணினி இல்லாதவர்கள், கைப்பேசியை ரவுட்டருக்கு இரண்டு முழ தூரத்தில் வைத்து, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அளக்கலாம்.

இரண்டாவதாக, கம்பியை நீக்கிவிட்டு அதே இடத்தில் கம்பியில்லா முறையில் அளக்க வேண்டும். மூன்றாவதாக, கூடம், இரண்டாங்கட்டு, பின்கட்டு, மாடி என இணையம் தேவைப்படும் ஒவ்வோர் இடத்திலும் அளக்க வேண்டும். காலை, நண்பகல், இரவு எட்டு மணி என மூன்று வேளைகளில், மூன்று நாட்களுக்கு இவ்வாறு அளந்து, தேதியும் நேரமும் இட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தல் அவசியம்.

உதாரணமாக, 40 மெகாபிட் சந்தா உள்ள வீடு ஒன்றில் கம்பி வழியே 39-ம், ரவுட்டரின் அருகில் 37-ம், பின்கட்டில் 4-ம் கிடைப்பதாகக் கொள்வோம். இங்குச் சந்தாவை 100 மெகாபிட்டாக உயர்த்தினாலும் பின்கட்டில் ஏறக்குறைய அந்த நான்கே கிடைக்கும். குறை சுவர்களில் உள்ளது. இதற்கு மாறாக, கம்பி வழியிலேயே 6 மெகாபிட் தான் வருமாயின், ரவுட்டரை எங்கே நகர்த்தி வைத்தும் பயனில்லை. குறை கம்பியிலோ யந்திரத்திலோ உள்ளது. எல்லா இடங்களிலும் பகலில் நன்றாக இருந்து இரவில் மட்டும் குறையுமாயின், ஊரார் பலர் ஒரே நேரத்தில் உபயோகிப்பதால் ஏற்படும் நெருக்கடி அது எனலாம்.

கம்பி வழியில் உள்ள குறைகள்

கண்ணாடியிழைக் கம்பியினுள் ஒளியே செய்தியைச் சுமந்து செல்கின்றது. அதைக் குறுகிய வளைவாக மடித்தால் ஒளி கசிந்து போகும். எனவே கதவிடுக்கில் நசுங்குமாறும், ஆணியில் இறுக்கிச் சுற்றியும் அதை வைக்கலாகாது. எலியும் அணிலும் கடித்த இடங்கள் உளவா என்று கூரையோரமாகப் பார்க்க வேண்டும். கம்பி வந்து முடியும் பெட்டியில் எல்.ஓ.எஸ். எனக் குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, ஒளி வந்து சேரவில்லை என்று அறியலாம். அதைச் சரி செய்ய வேண்டியது கம்பெனியாரே. இழையைச் சுயமாக வெட்டி ஒட்ட முயலக்கூடாது.

அப்பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையேயுள்ள ஈதர்நெட் கம்பியில் நான்கு ஜோடி இழைகள் உண்டு. அவற்றுள் ஒரு ஜோடி அறுந்தாலும், 1000 மெகாபிட் செல்லும் வழி 100-ஆகக் குறையலாம். பழைய, மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் கம்பி செருகும் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் விடாது. இத்தகைய யந்திரத்தை வைத்துக்கொண்டு 200 மெகாபிட் சந்தா கட்டுபவர் பாதியை இழக்கின்றார்.

சில திட்டங்களில், மாதத்திற்குக் குறித்த அளவு தீர்ந்தபின் வேகம் தானே குறைக்கப்படும். மாதக் கடைசியில் மட்டும் மந்தமாவதைக் கண்டால், திட்டத்தின் நிபந்தனைகளை முதலில் படித்துப் பார்ப்பது நலம்.

காற்று வழியில் உள்ள குறைகள்

கம்பியில்லா ரவுட்டர் வானொலியைப் போன்றே மின்காந்த அலைகளை வெளியிடுகின்றது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகும். இடையில் தடைகள் இருப்பின் இன்னும் அதிகமாகக் குறையும். சுண்ணாம்புக் காரையிட்ட தடித்த செங்கற் சுவர், கம்பி வைத்துக் கட்டிய தளம், தகரக் கூரை, இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, நீர் நிறைந்த தொட்டி ஆகிய யாவும் அலையைத் தடுப்பன.

இதற்கு முதற் பரிகாரம் இடமாற்றமே. இதில் செலவு சிறிதும் இல்லை. ரவுட்டரைப் பீரோவின் பின்னும், அலமாரியினுள்ளும், தரையிலும் வைக்கலாகாது. இணையம் தேவைப்படும் இடங்களுக்கு நடுவாக, ஆள் உயரத்தில், காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் வைக்க வேண்டும். முற்றம் உள்ள வீடுகளில், முற்றத்தை நோக்கிய தாழ்வாரச் சுவரே ஏற்ற இடமாகும். ஆயின் மழைச் சாரல் படலாகாது.

இரண்டாவது, அலைவரிசையைத் தெரிந்தெடுத்தல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரை ஓரளவு ஊடுருவித் தூரம் செல்லும். ஆனால் வேகம் குறைவு, நெருக்கடியும் மிகுதி. 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் வேகம் மிகுந்தவை. ஆனால் சுவரில் விரைவில் வலுவிழக்கும். ஆகவே ரவுட்டர் உள்ள அறையில் 5 கிகாஹெர்ட்ஸையும், தூரத்து அறைகளில் 2.4-ஐயும் உபயோகிப்பது உசிதம்.

மூன்றாவது, அண்டை வீட்டாரின் இடையூறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1 முதல் 13 வரை தடங்கள் இருப்பினும், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. 1, 6, 11 ஆகிய மூன்றுமே ஒன்றையொன்று தொடாமல் இருப்பவை. அண்டையில் எத்தடம் மிகுதியாக வழங்குகின்றது என்று கைப்பேசிச் செயலியால் அறிந்து, இம்மூன்றில் நெருக்கடி குறைந்ததை ரவுட்டரின் அமைப்பில் குறிக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில் வேலை செய்வதாகையால், சமையலறையின் அருகே ரவுட்டரை வைப்பது தகாது.

இவற்றாலும் பின்கட்டுக்கு இணையம் எட்டாவிடில், அங்கே இரண்டாவது யந்திரம் ஒன்று வைக்கலாம். அலையைக் காற்றிலேயே வாங்கித் திருப்பி அனுப்பும் சாதாரண ரிப்பீட்டர், ஒரே தடத்தில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால், வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கும். முன்கட்டிலிருந்து ஈதர்நெட் கம்பி இழுத்து, அதன் முனையில் யந்திரத்தை வைப்பதே சிறந்தது. இக்கம்பி 100 மீட்டர் வரை குறைவின்றிச் செல்லும்.

உபயோகத்தால் நேரும் குறைகள்

களத்திலும் மோட்டார்க் கொட்டகையிலும் வைத்த காமிராக்கள் இரவும் பகலும் படத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருப்பதுண்டு. வெளிச்செல்லும் வழி நிரம்பிவிட்டால் உள்வரும் வழியும் தாமதப்படும். படத்தின் தெளிவைச் சிறிது குறைத்தாலோ, அசைவு உள்ளபொழுது மட்டும் அனுப்புமாறு அமைத்தாலோ இக்குறை நீங்கும்.

கடவுச்சொல்லைப் பலருக்கும் கொடுத்துவிட்ட வீடுகளில், எத்தனை சாதனங்கள் இணைந்துள்ளன என்பதை ரவுட்டரின் பக்கத்தில் பார்த்து, தெரியாதவை இருப்பின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 ஆக இருத்தல் வேண்டும். பழைய டபிள்யூ.இ.பி. முறை எளிதில் உடைக்கக்கூடியது. அன்றியும், அதை வைத்துக்கொண்டால் புதிய ரவுட்டரும் 54 மெகாபிட்டுக்கு மேல் செல்லாது.

ரவுட்டரை நிறுத்தி அரை நிமிஷம் கழித்து மீண்டும் போட்டால் பல சிறு கோளாறுகள் நீங்குவது உண்மையே. ஆனால் தினந்தோறும் அவ்வாறு செய்ய நேரின், அதைப் பரிகாரமாகக் கொள்ளாமல் நோயின் அறிகுறியாகவே கொள்ள வேண்டும். மிகுந்த உஷ்ணம், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, பழுதான அடாப்டர், புதுப்பிக்கப்படாத மென்பொருள் ஆகியவற்றுள் ஒன்று காரணமாயிருக்கும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

விண்ணப்பங்களின் கடைசி நாளன்று பலரும் ஒரே தளத்தை நாடுவதால், தூரத்திலுள்ள கணினியே திணறக்கூடும். ஒரு தளம் மட்டும் மந்தமாயிருந்து மற்றவை விரைவாகத் திறந்தால், குறை வீட்டிலோ அலுவலகத்திலோ இல்லை. அப்பொழுது ரவுட்டரைப் பலமுறை நிறுத்திப் போடுவதால், பாதி நிரப்பிய விண்ணப்பம் அழிவதே பலனாகும். அதிகாலையில் முயல்வதும், கடைசி நாள் வரை காத்திராமல் இருப்பதுமே தக்க வழிகள். விவசாயிகளுக்கு இதனை முன்கூட்டியே எடுத்துச் சொல்வது அதிகாரிகளின் கடமையாகும்.

புகார் செய்யும் முறை

கம்பி வழிப் பரீட்சையிலும் வேகம் குறைந்தே காணப்பட்டால், கம்பெனியாரிடம் புகார் செய்ய வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் கொடுத்தல் கம்பெனியின் கடமை. தீர்வு திருப்தியளிக்காவிடில், அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அவ்வெண்ணையும் தேதியையும் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ‘இணையம் சரியில்லை’ என்று மட்டும் சொல்பவருக்கு, யந்திரத்தை நிறுத்திப் போடும்படியான பதிலே கிடைக்கும். ‘கம்பி வழியே, மூன்று நாட்களில், மூன்று வேளைகளிலும், 40-க்கு 6 மெகாபிட் மட்டுமே வந்தது’ என்று கணக்குடன் எழுதுபவரின் புகாரை அவ்வாறு தட்டிக்கழிப்பது எளிதன்று.

சுருங்கக் கூறின், அளத்தல், இடம் மாற்றுதல், தடம் மாற்றுதல், கடவுச்சொல் மாற்றுதல் ஆகிய நான்கிற்கும் காசு செலவில்லை. ஈதர்நெட் கம்பி மாற்றுவதற்குச் சிறு செலவு ஆகும். புதிய ரவுட்டரும் உயர்ந்த சந்தாவும் இவற்றிற்குப் பின்னரே கருதத்தக்கவை. அவையும், நோட்டிலுள்ள கணக்கு அவற்றின் தேவையைக் காட்டினால் மட்டுமே.