கோடு போட்ட இடம்


அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு 2012 தேர்தலில் 18 பேர் தேர்வாயினர். மாநிலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், ஜனநாயகக் கட்சிக்கே சற்று அதிக வாக்குகள். ஆனால் அதற்குக் கிடைத்தவை 5 இடங்கள்தான். குடியரசுக் கட்சிக்கு 13.

எப்படி இது நடந்தது? தொகுதி எல்லைகளை 2011-இல் திருத்தியபோது, குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்த சட்டமன்றம், எதிர்க்கட்சி வாக்காளர்களைச் சில தொகுதிகளில் குவித்தது. மற்ற தொகுதிகளில் சிதறடித்தது. ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய 7-ஆவது தொகுதி அப்படி வளைந்து நெளிந்து போனது. அதன் வடிவத்தைப் பார்த்தவர்கள், கார்ட்டூன் பாத்திரமான கூஃபி, டொனால்ட் டக்கை உதைப்பது போல இருக்கிறது என்றார்கள்.

வாக்காளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், அந்த வரைபடம் மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே புதிய வரைபடத்தையும் தந்தது. அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் இரு கட்சிகளுக்கும் தலா 9 இடங்கள் கிடைத்தன.

வாக்கு எவ்வளவு முக்கியமோ, தொகுதியின் எல்லைக்கோடும் அவ்வளவு முக்கியம். அந்தக் கோட்டின் மீதும் மக்களின் கண் இருக்க வேண்டும்.