பத்தாவது நிமிடத்தில் தெரியும் வேகம்

ஜோகூரின் ஸ்கூடாயில் பல்கலைக்கழகம் திறக்கும் பருவம் வந்தால், பிள்ளைகளுக்குக் கணினி வாங்கும் பெற்றோர் பலர் கேட்பது ஒரே கேள்வி: "லேப்டாப்பிலும் ஐ7, மேசைக் கணினியிலும் ஐ7. வேகம் ஒன்றுதானே?" ஒன்றல்ல. எவ்வளவு வேறுபாடு என்பதை, ஒரு லேப்டாப்பும் ஒரு மேசைக் கணினியும் கைவசம் இருந்தால், வீட்டிலேயே அரை நாளில் கண்டுகொள்ளலாம். ஐ7 புராசசர்களைத் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தின் ஆலை பினாங்கில் 1972 முதல் நடக்கும் நாடு நம்முடையது. அட்டையில் ஒட்டிய பெயரை மட்டும் நம்பி நாம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

1. முழுப் பெயரை எழுதுங்கள்

'ஐ7' என்பது ஒரு புராசசர் வரிசையின் குடும்பப் பெயர்தான். அதன்பின் வரும் எண்ணும் எழுத்தும்தான் ஆளை அடையாளம் காட்டும். ஐ7-13700 மேசைக் கணினிக்கு உரியது: 16 கோர், 24 திரெட். ஐ7-13700எச் லேப்டாப்புக்கு உரியது: 14 கோர், 20 திரெட். ஐ7-1355யூ என்றால் 10 கோர்தான். மெல்லிய லேப்டாப்புகளில் இருக்கும். ஏஎம்டி ரைசன் 7000 வரிசை லேப்டாப் புராசசர்களில் மூன்றாம் இலக்கத்தைப் பாருங்கள். 7730யூ-வில் அது 3, அதாவது பழைய ஜென் 3 வடிவமைப்பு. 7840யூ-வில் 4, அதாவது ஜென் 4.

2. வாட் கணக்கைப் பாருங்கள்

வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. இன்டெல் தரும் விவரப்படி 13700எச்-இன் அடிப்படை மின்சக்தி 45 வாட், உச்சம் 115 வாட். 13700-க்கு 65, 219. புராசசர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். மேசைக் கணினியில் பெரிய உலோகத் தகடுகளும் அகன்ற விசிறியும் வைக்க இடமுண்டு. லேப்டாப்பில் விரல் தடிமன் இடம்தான். ஆகவே எத்தனை வாட் வரை விடலாம் என்பதை லேப்டாப் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். ஒரே புராசசர் உள்ள இரண்டு லேப்டாப்புகள் இரு வேறு வேகத்தில் ஓடுவது இதனால்தான்.

3. நிலைமையைச் சமமாக்குங்கள்

லேப்டாப்பைச் சார்ஜரில் பொருத்துங்கள். விண்டோஸ் மின்சக்தி அமைப்பில் லேப்டாப், மேசைக் கணினி இரண்டிலும் உச்சச் செயல்திறனைத் தேர்ந்தெடுங்கள். புதுப்பிப்புகள் முடியும்வரை காத்திருந்து, மற்ற மென்பொருள்களை மூடுங்கள். லேப்டாப்பை மெத்தையில் வைக்காதீர்கள், அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும்.

அடுத்தது அறையின் சூடு. ஜோகூரில் பிற்பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாகப் புராசசரை ஆக்க முடியாது. அறை ஐந்து பாகை ஏறினால், அதே வேலைக்குப் புராசசரும் ஏறக்குறைய ஐந்து பாகை ஏறும். கூலாயில் எழும் தரவு மையங்கள் குளிரூட்டலுக்கு ஏராளமான நீரும் மின்சாரமும் கேட்பதற்குப் பின்னாலும் இதே இயற்பியல்தான். அதனால் இரண்டு கணினியையும் ஒரே அறையில் சோதித்து, அறை வெப்பத்தையும் குறித்து வையுங்கள்.

4. ஒற்றைக் கோர் சோதனை

சினிபெஞ்ச் என்ற இலவச மென்பொருளில் முதலில் ஒற்றைக் கோர் சோதனையை ஓட்டுங்கள். 13700எச் உச்சத்தில் 5.0 கிகாஹெர்ட்ஸ், 13700 உச்சத்தில் 5.2, வித்தியாசம் நான்கு விழுக்காடுதான். மதிப்பெண்களும் நெருக்கமாக வந்தால் வியக்க வேண்டாம். கட்டுரை எழுதுவதற்கும் இணையம் பார்ப்பதற்கும் பெரும்பாலும் இந்த வேகமே போதும்.

5. பத்து நிமிடச் சோதனை

இனி எல்லாக் கோர்களையும் வேலை வாங்குங்கள். முதலில் ஒரே ஒரு சுற்று ஓட்டி மதிப்பெண்ணைக் குறியுங்கள். பிறகு பத்து நிமிடம் இடைவிடாமல் ஓட்டும் தேர்வை வையுங்கள். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து, முதல் நிமிடத்திலும் பத்தாம் நிமிடத்திலும் வாட், வெப்பம், கிகாஹெர்ட்ஸ் மூன்றையும் எழுதுங்கள்.

லேப்டாப் தொடக்கத்தில் பாய்ந்து ஓடும். வெப்பம் எல்லையைத் தொட்டதும், அல்லது அனுமதித்த நேரம் முடிந்ததும், வாட் இறங்கும். வேகமும் கூடவே இறங்கும். உதாரணத்துக்கு, முதல் மதிப்பெண் 15,000, கடைசி 12,000 என்றால் அந்தக் கணினி தாக்குப்பிடித்தது 80 விழுக்காடு. இரண்டு கணினிக்கும் இந்த விழுக்காட்டைக் கணக்கிடுங்கள். கால் மணி நேரம் ஆறவிட்டு மேலும் இரு முறை ஓட்டி, மூன்றில் நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

6. சொந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள்

ஒரே காணொளியை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் மாற்றி, ஆகும் நேரத்தை அளவெடுங்கள். எக்ஸ்264 என்ற தேர்வையே வையுங்கள். குவிக்சிங்க் போன்ற வன்பொருள் தேர்வை வைத்தால், நீங்கள் அளப்பது புராசசர் கோர்களை அல்ல, அருகிலுள்ள தனிப் பகுதியை.

7. சார்ஜரைக் கழற்றுங்கள்

மின்கலத்தில் மட்டும் ஓட்டி லேப்டாப்பை மறுபடி அளவெடுங்கள். விரிவுரை மண்டபத்தில் பிள்ளைக்குக் கிடைக்கப்போவது இந்த வேகம். பல லேப்டாப்புகள் இங்கே கணிசமாகத் தணியும்.

முடிவு எடுப்பது

நான்காம் படியில் இரண்டும் நெருங்கி, பிள்ளையின் வேலையும் சிறு சிறு வேலையாக இருந்தால், தூக்கிச் செல்லும் வசதிக்காக லேப்டாப்பை மனநிறைவோடு வாங்கலாம். கட்டட வரைபடம், காணொளித் தொகுப்பு என்று மணிக்கணக்கில் உழைக்க வேண்டுமென்றால் ஐந்தாம் படியும் ஆறாம் படியும்தான் தீர்ப்பு. அங்கே பெரும்பாலும் மேசைக் கணினி முந்தும். அதே பணத்துக்குக் கூடுதல் வேலையும் செய்யும்.

தாமான் வீடொன்றில் வாடகை அறை. மேலே ஒரு விசிறி, குளிர்சாதனம் இல்லை. நாளை காலைக்குள் ஒப்படைக்க வேண்டிய பணியோடு ஒரு மாணவி உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய கணினியை அந்த அறையில், அந்தச் சூட்டில், பத்தாவது நிமிடத்தில் அளந்து பாருங்கள்.