இரவுச் சோற்றுக்கு ஒரு சட்டி மீனாணம்



நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில் வாழ்கிறோம். கடலிலிருந்து பசுமையான மாமிசத்தை உண்ணத் தந்ததை அல்லாஹ் ஸூரத்துந் நஹ்லில் தனது அருட்கொடைகளில் ஒன்றாகக் கூறுகிறான். அறுக்கவும் தேவையில்லாத ஹலாலான உணவு அது. அப்படியிருந்தும் நமது வீடுகளில் இராச்சாப்பாடு என்றால் கடைக் கொத்து, நூடில்ஸ், அல்லது பகல் கறியின் மிச்சம் என்றாகிவிட்டது.

மீன் விலை ஏறிவிட்டதே என்பீர்கள். உண்மைதான். 2022ஆம் ஆண்டு மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் நாம் விலை என்று சொல்வது பெரும்பாலும் அறக்குளாவின் விலையைத்தான். சூடை, கீரி, நெத்தலி என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.

பெரிய மீனில் இன்னொரு சங்கடமும் உண்டு. நடுத்துண்டு வாப்பாவுக்கு, அடுத்தது மகனுக்கு, வால்துண்டு மகளுக்கு. உம்மாவின் பீங்கானில் வெறும் ஆணம். எந்த வாப்பாவும் இப்படிக் கட்டளை போட்டதில்லை. உம்மாமாரே பழக்கிவிட்ட பழக்கம் இது. குமர்ப்பிள்ளைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும்தானே போஷாக்கு அதிகம் தேவை? பிள்ளைகளுக்கு அன்பளிப்புக் கொடுப்பதில் நீதியாக நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் போதித்ததைக் காணி எழுதும்போது மட்டும் நினைவுபடுத்துகிறோம். சோறு போடும்போதும் நினைத்தாலென்ன? சூடை மீனை எண்ணிப் போடலாம். ஆளுக்கு மூன்றென்றால் உம்மாவுக்கும் மூன்று.

சின்ன மீனில் புரதத்தோடு இதயத்துக்கு நல்லதான ஒமேகா 3 கொழுப்பும் இருக்கிறது. நெத்தலியை முள்ளோடு மென்று தின்றால் கல்சியமும் கிடைக்கும். கர்ப்பிணிகள் அறிய வேண்டிய விடயம் ஒன்றுண்டு. மற்ற மீன்களைத் தின்று வளரும் சுறா, தளபத் போன்றவற்றின் உடலில் பாதரசம் கூடுதலாகச் சேர்கிறது. அது வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. சின்ன மீனில் அந்தப் பயம் மிகக் குறைவு. சுறாதான் வேண்டும் என்று நிற்கும் மூத்தம்மாமாருக்கு இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

சமைப்பது மிக இலகு. அரைக் கிலோ சூடையைச் செதிள், தலை, குடல் நீக்கிக் கழுவி மண்சட்டியில் அடுக்குங்கள். இரண்டு மூன்று துண்டு கொறுக்காய், நசுக்கிய உள்ளி, கீறிய பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சளும் மிளகுத்தூளும், உப்பு. மீன் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு மூடி, மெல்லிய நெருப்பில் ஆணம் வற்றும்வரை விடுங்கள். கரண்டி போட்டுக் கிண்டாதீர்கள், மீன் கரைந்துவிடும். சட்டியைப் பிடித்து ஆட்டிவிட்டால் போதும். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம்.

உறைப்புத் தின்னாத பிள்ளைகளுக்கு நாலைந்து மீனைத் தனியே எடுத்து வெங்காயம், வெந்தயம், மஞ்சள், உப்புச் சேர்த்து அவித்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். இடியப்பத்துக்கு அந்தச் சொதி போதும். முள்ளை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

வாங்கும்போதுதான் கவனம் தேவை. செவுள் சிவந்து, கண் தெளிவாக இருக்க வேண்டும். சூடை, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்தால் 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று மீனையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல வேளைகளில் காரணம் அந்த வெயில்தான். ஆகவே குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் காலையில் வாங்கிய மீனை இரவு சமைக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். வாங்கிய கையோடு சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுங்கள். கொறுக்காய் ஊறிய மீன் நேரம் செல்லச் செல்ல ருசி கூடும். இஷாவுக்குப் பின் ஒருமுறை நன்றாகக் கொதிக்க வைத்துச் சோற்றோடு பரிமாறலாம்.