கப்பல் நின்றது, கேமரா பறந்தது

1977 மே 25 அன்று அமெரிக்காவில் 'ஸ்டார் வார்ஸ்' வெளியானபோது, முதல் காட்சியிலேயே பார்வையாளர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒரு சின்ன விண்கலம் தப்பி ஓடுகிறது. அதைத் துரத்திக்கொண்டு, திரையின் மேல்விளிம்பிலிருந்து இன்னொரு கலத்தின் அடிவயிறு உள்ளே நுழைகிறது. நுழைந்துகொண்டே இருக்கிறது. இதோ முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் வருகிறது. இன்று அதைப் பார்க்கும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "அப்போ கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கிடையாதே, இதை எப்படி எடுத்தாங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி. கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதற்கு முன் இன்னொன்றைக் கேளுங்கள்.

அந்தப் பிரம்மாண்டமான கலத்தின் மாடல் சுமார் 3 அடி நீளம்தான். ஒரு சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிடலாம். அதற்குப் பயந்து ஓடுகிற 'சின்ன' கலத்தின் மாடலோ அதைப்போல இரண்டு மடங்கு நீளம். ஆக, திரையில் தெரியும் அளவுக்கும் மாடலின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. அளவை உண்டாக்கியது கேமரா.

எப்படி என்று பார்க்கலாம். ஒரு மலையைப் படம் எடுத்தால் அடிவாரமும் உச்சியும் ஒரே தெளிவோடு விழும். ஒரு சிறிய பொருளை மிக அருகில் வைத்து எடுத்தால் முன்பக்கம் தெளிவாகவும் பின்பக்கம் மங்கலாகவும் விழும். அந்த மங்கல்தான் 'இது பொம்மை' என்று காட்டிக்கொடுத்துவிடும். அதைப் போக்க வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தை ஊசித்துளை அளவுக்குச் சுருக்க வேண்டும். துவாரம் சுருங்கினால் உள்ளே வரும் வெளிச்சம் போதாது. வெளிச்சம் போதாவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமையும் நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய கேமரா அப்போது நத்தை வேகத்தில் ஊர்ந்தாக வேண்டும். திரையில் சில நொடி பாயும் காட்சியை எடுக்க ஸ்டூடியோவில் அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அவ்வளவு மெதுவாக, கொஞ்சமும் நடுங்காமல் கேமராவைத் தள்ள எந்த மனிதக் கையாலும் முடியாது. மோட்டார் வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஜான் டைக்ஸ்ட்ரா வருகிறார். படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் 1975இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கைப் பிடித்து, இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற பட்டறையைத் தொடங்கியபோது அதன் பொறுப்பை அவரிடம்தான் கொடுத்தார். டைக்ஸ்ட்ரா அதற்கு முன் பெர்க்லியில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்தவர். நகரத் திட்டமிடலுக்காக ஒரு வட்டாரத்தையே குட்டி மாடலாகச் செய்து, அதன் தெருக்களில் ஓர் ஆள் வண்டியில் போனால் எப்படி இருக்குமோ அப்படிக் கேமராவை இயந்திரத்தால் நகர்த்திப் படமெடுத்த திட்டம் அது. புதுக் கட்டடம் எழுந்தால் ஊர் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே பார்ப்பதற்கு. விண்வெளிப் போருக்கான கேமரா ஊரமைப்பு ஆராய்ச்சியிலிருந்து வந்தது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷம் தருகிற விஷயம்.

அவரும் அவருடைய குழுவும் கட்டிய கருவிக்கு டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் என்று பெயர் விழுந்தது. நீண்ட தண்டவாளம், அதன்மேல் ஒரு கை, கையின் நுனியில் கேமரா. ஒவ்வொரு அசைவுக்கும் தனி மோட்டார். அந்த அசைவுகளை எல்லாம் மின்னணு நினைவகம் பதிந்து வைத்துக்கொள்ளும். கேட்டபோது அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்யும். மாடல் ஒரு கம்பத்தின்மேல் நிற்கும். கேமரா அதை நோக்கிப் பாயும், அதைச் சுற்றி வளையும், அடியில் புகுந்து வெளிவரும். திரையில் பறப்பது கப்பல். பட்டறையில் பறந்தது கேமரா.

திரும்பச் செய்வதில் ஏன் இவ்வளவு அக்கறை? ஒரே சண்டைக் காட்சியில் நான்கு கலங்கள், பின்னால் நட்சத்திரங்கள், ஒரு கிரகம், நடுவே வெடிப்பு என்று எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து ஒரே ஃபிலிமில் ஏற்ற வேண்டும். சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: நான்கு வண்ணமும் நான்கு தடவையாக ஏறும், ஒன்று ஒரு நூல் விலகினாலும் முருகனுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். இங்கேயும் அப்படித்தான். கேமராவின் பாதை எள்ளளவு மாறினால் கலம் ஒருபுறமும் அதன் எஞ்சின் வெளிச்சம் இன்னொருபுறமும் போய்விடும். இயந்திரம் அதே பாதையில் எத்தனை முறை கேட்டாலும் போகும் என்பதால்தான் அத்தனை அடுக்குகளும் சாத்தியமாயின.

அடுக்குகளைப் பிரித்தெடுக்க மாடலுக்குப் பின்னால் ஒளிரும் நீலத்திரை. நீலம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வேறு காட்சியை ஏற்றலாம். அதனால் கலத்தின்மேல் நீல வண்ணம் இருக்கக்கூடாது. இருந்தால் அந்த இடம் ஓட்டையாகிவிடும். கதையில் நீல அணியாக எழுதப்பட்டிருந்த போர்விமானப் படை படத்தில் சிவப்பு அணியானது இதனால்தான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய பொம்மைப் படங்களில் பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி, நிறுத்தி, ஒரு ஃபிரேம் எடுத்து, மறுபடி நகர்த்துவார்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் பொம்மை அசையாமல் நிற்பதால், ஓடவிட்டால் வெட்டி வெட்டி இழுக்கும். நிஜத்தில் வேகமாகப் போகிற எதுவும் ஃபிலிமில் லேசாகக் கோடிழுக்கும். டைக்ஸ்ட்ராவின் கேமரா, ஷட்டர் திறந்திருக்கும்போதே நகர்ந்தது. அந்தக் கோடு தானாக விழுந்தது. நம் கண் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை; ஆனால் இல்லாவிட்டால் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஃபிலிமை நகல் எடுத்து எடுத்து அடுக்கும்போது தரம் குறையும், புள்ளி புள்ளியாகத் தெரியும். அதற்கு மருந்தாக, 1954இல் பாரமவுண்ட் அறிமுகப்படுத்தி, பின்னால் கைவிடப்பட்டிருந்த விஸ்டாவிஷன் கேமராக்களைத் தேடி எடுத்தார்கள். அதில் ஃபிலிம் படுக்கைவாக்கில் ஓடும். ஒவ்வொரு ஃபிரேமும் வழக்கத்தைவிட இரட்டிப்புப் பரப்பு. எல்லோரும் ஓரம்கட்டிய கருவி அது. 300க்கும் மேற்பட்ட ஷாட்கள் இப்படி அடுக்கப்பட்டன.

கலங்களின் மேல்தோலைக் கவனித்திருக்கிறீர்களா? எத்தனை குழாய்கள், மூடிகள், பெட்டிகள்! கடையில் விற்கும் டாங்கி, போர்க்கப்பல் பொம்மைக் கிட்களை வாங்கிப் பிரித்து, அந்தத் துண்டுகளை ஒட்டினார்கள். சிறு துண்டுகள் நிறைய இருந்தால் பொருள் பெரிதாகத் தோன்றும். இந்த வேலையை 'சைலண்ட் ரன்னிங்' படத்திலேயே (1972) பார்க்கலாம். டைக்ஸ்ட்ரா அதில் வேலை செய்தவர். இயக்கியவர் டக்ளஸ் ட்ரம்புல். பூமியில் காடே இல்லாமல் போன காலத்தில், கண்ணாடிக் கூடாரங்களுக்குள் கடைசிக் காடுகளைச் சுமந்துகொண்டு சனிக் கிரகத்தருகே மிதக்கும் கப்பல். அதன் மாடல் சுமார் 25 அடி. உட்புறத்தை, உடைக்கக் காத்திருந்த 'வேலி ஃபோர்ஜ்' என்ற நிஜமான விமானந்தாங்கிக் கப்பலுக்குள் எடுத்தார்கள். படத்தின் கப்பலுக்கும் அதே பெயர்.

அந்தப் படத்தின் மூன்று குட்டி இயந்திரங்களைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. முகம் கிடையாது, பேச்சு கிடையாது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு கால்களையும் இழந்த நடிகர்கள். கைகளை ஊன்றி நடந்தார்கள். எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் அந்த நடையில் ஒரு குழந்தையின் தயக்கம் இருக்கிறது. அந்தப் பத்தாண்டின் அறிவியல் படங்களில் 'சைலண்ட் ரன்னிங்' அளவுக்கு அநியாயமாக ஒதுக்கப்பட்ட படம் வேறில்லை என்பது என் கட்சி.

தொலைக்காட்சிக்கு இவ்வளவு பணமும் நேரமும் ஏது? பிரிட்டனில் 'ஸ்பேஸ்: 1999' 1975இல் ஒளிபரப்பாகத் தொடங்கி, இரண்டு பருவங்களில் 48 பகுதிகள் வந்தது. பாதையை விட்டு எறியப்பட்ட நிலா, அதில் சிக்கிக்கொண்ட மனிதர்கள் என்ற கதையைக் கேட்டால் இயற்பியல் ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் பிரையன் ஜான்சன் செய்த கலங்களைப் பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நகல் எடுத்து அடுக்க அவருக்கு வசதியில்லை. அதனால் கேமராவுக்குள்ளேயே அடுக்கினார். கறுப்புப் பின்னணியில் கலத்தை எடுப்பார். ஃபிலிமைக் கழுவாமல் பின்னுக்குச் சுற்றி, அதே துண்டில் நட்சத்திரங்களை எடுப்பார். மறுபடி சுற்றி, இன்னொரு கலம். ஒரு தடவை தவறினால் முந்தைய உழைப்பெல்லாம் போயிற்று. ஃபிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை தவறினது தெரியவும் தெரியாது. ஆனால் சரியாக அமைந்தால் நகலே இல்லாத மூல நெகட்டிவ், அப்பழுக்கில்லாத தெளிவு. இரண்டு முறைகளில் எது உயர்ந்தது என்று கேட்டால், நான் யோசிக்காமல் ஜான்சன் பக்கம் சாய்வேன். பின்னால் 'ஏலியன்', 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' இரண்டுக்கும் அவர் ஆஸ்கர் மேடை ஏறினார்.

'ஸ்டார் வார்ஸ்' வந்த அதே ஆண்டில் ஸ்பீல்பெர்க்கின் 'குளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்'. அதன் தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பு, மறுபடியும் ட்ரம்புல். அந்தப் படத்தில் வானத்தில் மேகங்கள் கொதித்துத் திரளும். அவை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் நடந்தவை. கீழே உப்புத் தண்ணீர், மேலே அதைவிட லேசான நல்ல தண்ணீர். இரண்டும் கலக்காமல் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். மேல் தண்ணீரில் வெள்ளைப் பெயின்ட்டைப் பீய்ச்சினால், அது இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல்பரப்பில் தடுக்கி, பக்கவாட்டில் புரண்டு விரியும். மேகத்தின் தட்டையான அடிப்பாகம் அப்படியே கிடைத்துவிடும். கடைசியில் வருகிற தாய்க்கலத்தைப் புகை நிரப்பிய அறையில் வைத்து எடுத்தார்கள். வெறும் விளக்குப் புள்ளிகள் புகையில் கசிந்து, ஒளியே உடம்பானதுபோல் தெரிகிறது. அந்த எண்ணம் ஸ்பீல்பெர்க்குக்கு நம் நாட்டில் உதித்தது: படப்பிடிப்புக்காக பம்பாய்ப் பக்கம் வந்தவர், இரவில் விளக்கும் குழாயுமாக ஜொலித்த ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பார்த்திருந்தார்.

அப்படியானால் கம்ப்யூட்டர் எங்குமே இல்லையா? இருந்தது, ஓரமாக. 'வெஸ்ட்வேர்ல்ட்' (1973) படத்தில் இயந்திர மனிதனின் பார்வை கட்டம் கட்டமாகத் தெரிவது கம்ப்யூட்டர் வேலை. 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் போருக்கு முன் விமானிகளுக்கு விளக்கப்படும் கோட்டு வரைபடம், லாரி க்யூபா என்பவர் கம்ப்யூட்டரில் வரைந்தது. கதைக்குள்ளேயே அது ஒரு கம்ப்யூட்டர் திரை. கம்ப்யூட்டர் தன்னையே காட்ட மட்டும்தான் அப்போது தேறியிருந்தது. கலம், கிரகம், மேகம் எல்லாம் கைவேலை.

அளவு என்று தொடங்கினோம் அல்லவா, 1979இன் 'ஏலியன்' படத்திலிருந்து ஒன்று பாக்கி. கலம் தரையிறங்கிய காட்சிக்காக அதன் ராட்சதக் கால் ஒன்றை அரங்கில் கட்டினார்கள். நடிகர்களைப் பக்கத்தில் நிறுத்தினால் கால் போதுமான அளவு பெரிதாகத் தெரியவில்லை. பெரிதாகக் கட்டப் பணமில்லை. இயக்குநர் ரிட்லி ஸ்காட் சின்ன அளவில் விண்வெளி உடைகள் தைக்கச் சொன்னார். தன் பிள்ளைகள் இருவரையும் ஒளிப்பதிவாளரின் பிள்ளையையும் அவற்றுக்குள் நுழைத்து, பெரியவர்களுக்குப் பதிலாக நடக்கவிட்டார். கால் மளமளவென்று வளர்ந்துவிட்டது.