வதந்தியும் ஒரு தொற்றே



2020 மார்ச்சில் கொரோனாவினால் நமது அக்குறணை முடக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு டிசம்பரில், கொரோனாவைத் தடுக்கும் பாணி கிடைக்கிறது என்ற செய்தியை நம்பி, கேகாலை ஹெட்டிமுல்லையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துத் திரண்டனர். அப்பாணியைப் பகிரங்கமாக அருந்திய அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சிக்கே 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது.

இத்தகைய பொய்யின் விளைவைக் கணிதம் எடுத்துரைக்கிறது. ஒரு நோயாளி இருவருக்கு நோயைக் கடத்தினால், பத்தாவது சுற்றில் புதிய நோயாளிகள் 1,024 பேர். வதந்தியை நம்பிக் கவனம் தளர்ந்து மூவருக்குக் கடத்தினாலோ 59,049 பேர்!

1927இல் கெர்மக், மெக்கென்ட்ரிக் ஆகியோர் மக்களைத் தொற்றக்கூடியோர், தொற்றியோர், நீங்கியோர் எனப் பிரித்து நோய்ப் பரவலைக் கணித்தனர். 1964இல் டேலி, கெண்டல் ஆகியோர் வதந்தியையும் இவ்வாறே நோக்கினர்: அறியாதோர், பரப்புவோர், பரப்புவதைக் கைவிட்டோர். இன்றைய ஆய்வாளர்கள் இவ்விரு பரவல்களையும் இணைத்துக் கணிக்கின்றனர்.

நோய் நம் அனுமதி கேட்டு வருவதில்லை. வதந்தியோ நம் நாவும் விரலும் அசையாமல் நகர்வதில்லை.

நிலத்தடி நீர் மாசடையும் என்ற ஆதாரமற்ற கூற்றினால், 2021 பெப்ரவரியில் அடக்க அனுமதி கிடைக்கும்வரை நம்மவரின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பொய்யின் வேதனையைச் சுமந்த நாமே பொய்யைச் சுமந்து செல்லலாமா?

செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் பணிக்கிறது. எனவே மருத்துவரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறியுங்கள். தெளிவு கிடைக்காவிடின் பகிராதீர்கள். அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக!